நந்தன் கேட்ட லீவு

எம்.ஏ. தமிழ் வகுப்பில் பெரியபுராணம் நடத்துவார்கள். திருநாளைப்போவார் என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒரு சின்னக் கேள்வி தேர்வில் வரும். தில்லைக்கு நாளைப் போவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த காரணப்பெயர் என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். ஏன் அவர் இன்றைக்கே கிளம்பவில்லை என்று எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை. கொள்ளிடக்கரை ஆதனூரிலிருந்து தில்லை ஒன்றும் காசி தூரமில்லை. நடந்தே போகலாம். பின்னே எது தடுத்தது?

நந்தன் கதையைப் பக்திக் கதையாக வாசித்திருக்கிறார்கள். தீண்டாமைக் கதையாக வாசித்திருக்கிறார்கள். தீக்குழியில் நடந்தது கொலை என்று சொல்லும் வாசிப்பும் நம்மிடையே வலுவாக இருக்கிறது. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது தீக்குழிக்கு முந்தின பகுதியை. ஒரு பண்ணையாள் தன் வேலையை நிறுத்திவிட்டு ஒரு பொழுது வெளியே போக உத்தரவு கேட்கிறான். கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் நிற்கிறான். அதாவது லீவு கேட்கிறான். ஓய்வு யாருக்கு உரியது, அதை யார் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி தமிழ்ப் பிரதிகளுக்குள் இவ்வளவு வெளிப்படையாக வந்து நிற்கும் இடம் வேறு அதிகம் இல்லை. ஆனால் உழைப்பின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம் விமர்சகர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

1. சும்மா இருத்தல்

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். 'விடுப்பு' என்பது அரசு அலுவலகச் சொல். 'ஓய்வு' என்றால் பென்சன் வாங்குகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சேரியில் இந்த இரண்டு சொல்லும் புழங்கி நான் கேட்டதில்லை. அங்கே இருப்பது 'வேலை இருக்கு', 'வேலை இல்ல' என்ற இரண்டுதான். வேலை இல்லாத நாளை ஓய்வு நாள் என்று யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு உலை வைப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. சித்திரை, வைகாசியில் வயலெல்லாம் காய்ந்து கிடக்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துவிட்டு 'இவனுகளுக்கு என்னய்யா, காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கிறானுக' என்று போகிறவர்கள் உண்டு. வேலையைப் பறித்துக்கொண்டு வீட்டில் உட்கார வைப்பதற்குப் பெயர் பட்டினி. வேலையும் கூலியும் தன் கையில் இருக்கும்போது, இன்றைக்கு வேண்டாம் என்று உட்காருவதற்குப் பெயர் ஓய்வு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே போக முடியாது.

'சும்மா இருத்தல்' என்ற சொல்லைப் பாருங்கள். சைவ ஞானத்தில் அது எட்டாத உச்ச நிலை. பேச்சற்று, செயலற்று, நினைப்பற்று இருப்பது. சித்தர்களும் தாயுமானவரும் ஏங்கியது அதற்குத்தான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மடத்தில் சும்மா இருக்கிற சாமியாருக்கு இரண்டு பட்டைச் சோறு என்று கணக்குப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்ததாக ஒரு கதை உண்டு. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று காட்டச் சொல்லும் கதை. சரி, அந்தச் சோற்றுக்கு நெல் எங்கிருந்து வந்தது? மடத்து நிலத்தில் குனிந்தவர்கள் ஒரு அரைப் பொழுது சும்மா இருந்திருந்தால் அந்தக் கணக்கில் என்ன எழுதியிருப்பார்கள்? மடத்துக்குள் இருந்தால் ஞானம், வரப்பின்மேல் இருந்தால் சோம்பேறித்தனம். ஒரே சொல்தான். உட்கார்ந்திருக்கிற உடம்பு யாருடையது என்பதை வைத்து அதன் பொருள் தலைகீழாகிறது.

2. மரக்குட்டையும் பிரம்படியும்

வேலைக்கு வராதவனை என்ன செய்வது என்பதற்கும் நம் இலக்கியத்தில் பதில் இருக்கிறது. சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய முக்கூடற்பள்ளுவை எடுத்துக்கொள்ளுங்கள். நதி வளமும் நெல் வகையும் மீன் வகையும் மாட்டு வகையும் அடுக்கிச் சொல்லும் அந்த நூல், மண் வாசனைக்காகப் புகழப்படுவது. அதில் குடும்பன் இளைய மனைவி வீட்டிலேயே தங்கிவிடுகிறான். பண்ணை வேலை கெடுகிறது. மூத்தவள் பண்ணைக்காரனிடம் போய் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் குடும்பனைப் பிடித்துக் காலை மரக்குட்டையில் மாட்டிவிடுகிறான். பிறகு அதே மூத்தவள் இரங்கி, கெஞ்சி, விடுவிக்கிறாள்.

இதை வகுப்பில் நகைச்சுவையாக நடத்துவார்கள். சக்களத்திச் சண்டை வரும் இடத்தில் வகுப்பே சிரிக்கும். பண்ணைக்காரனையும் அந்தப் புலவர் கேலி செய்யத்தான் செய்கிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வேலைக்கு வராமல் வீட்டில் தங்கிய ஒரு மனிதனின் காலை மரத்தில் மாட்டிப் பூட்டுவது அந்தக் கதைக்குள் ஒரு சாதாரணச் சம்பவம். இது நியாயமா என்று கதைக்குள் ஒரு குரலும் கேட்பதில்லை. வராமல் இருந்ததற்குக் காரணமாகக் காட்டப்படுவதும் பெண் மோகம் மட்டும்தான். அவனுக்கு அசதியாக இருந்திருக்கலாம், காய்ச்சலாக இருந்திருக்கலாம், பண்ணையில் கொடுத்த நெல் போதாமல் இருந்திருக்கலாம் என்பதெல்லாம் பாட்டுக்குள் வராது. பண்ணைக்கு ஓடாத உடம்பு காமத்துக்குத்தான் ஓடும் என்பது பண்ணையின் கணக்கு. புலவர் அந்தக் கணக்கையே கதைக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டார்.

திருவிளையாடல் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமந்த கதை இன்னும் சுவாரசியமானது. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வருகிறான். உதிர்ந்த பிட்டுதான் கூலி. பிட்டைத் தின்றுவிட்டு ஆடுகிறான், பாடுகிறான், படுத்துத் தூங்குகிறான். அவன் பங்குக் கரை அடைபடாமல் கிடக்கிறது. பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் உலகத்து உயிர் எல்லாவற்றின் முதுகிலும் விழுகிறது.

தூங்கிய கூலியாளை அடித்தால் எல்லோருக்கும் வலிக்கும் என்று சொல்லும் கதை இது என்று ஒருவர் வாதாடலாம். எனக்கும் அப்படி வாசிக்க ஆசைதான். ஆனால் பிரதி நம்மை அங்கே விடுவதில்லை. அடிபட்டவன் கடவுள் என்பதால்தான் எல்லோருக்கும் வலிக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் அன்றைக்கு மண் சுமந்துகொண்டிருந்த நிஜக் கூலியாள் ஒருவன் கண்ணயர்ந்து அதே பிரம்படி வாங்கியிருந்தால் அது அவன் முதுகோடு போயிருக்கும். புராணமும் எழுதப்பட்டிருக்காது.

3. இரண்டு 'நாளை'

இப்போது நந்தனுக்கு வரலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய நந்தனுக்கு ஆண்டை கிடையாது. இது முக்கியம். சினிமா பார்த்து வளர்ந்த பலருக்குத் தெரியாது. ஊர் விட்ட பறைத்துடவை நிலம் அவருக்கு இருக்கிறது. அதற்கு ஈடாகக் கோயில் பேரிகைக்குத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வருகிறார். ஊர் கூடி இளைப்பாறுகிற இடம் கோயில். விழா, இசை, கூத்து எல்லாம் அங்கே. அந்த இளைப்பாறலுக்கு வேண்டிய தோலை உரித்துப் பதப்படுத்தித் தருவது இவருடைய வேலை. ஆனால் உள்ளே போக முடியாது. ஊருக்கு விழா என்றால் சேரிக்கு வேலை. இந்த ஏற்பாட்டைச் சேக்கிழார் தொண்டு என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

அவர் ஏன் நாளை, நாளை என்றார்? தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை எழுகிறது, உடனே தன் பிறப்பை நினைக்கிறார், ஆசை அடங்குகிறது, மறுபடி எழுகிறது. சேக்கிழாரிடம் அந்த நாளைக்குக் காரணம் பிறப்பு. தடுக்க ஆள் தேவைப்படவில்லை. தடை மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையைக் கீர்த்தனையாக்கினார். மாயவரத்துக்குப் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர். சுற்றிலும் தஞ்சைப் பண்ணைகள். பண்ணையாள் எப்படி வாழ்ந்தான் என்பதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவர்தான் கதைக்குள் வேதியர் என்ற ஆண்டையைக் கொண்டுவந்தார். பெரியபுராணத்தில் இல்லாத பாத்திரம். நாளைக்குக் காரணம் இப்போது மாறிவிடுகிறது. ஆண்டை விடவில்லை. நடவு இருக்கிறது, அறுப்பு இருக்கிறது, மாடு இருக்கிறது. சேக்கிழாரின் நாளை பிறப்பால் வந்தது, பாரதியாரின் நாளை வேலையால் வந்தது. எழுநூறு வருஷத்தில் ஒரு சொல்லுக்குள் நடந்த இந்த இடமாற்றத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

பாரதியாரின் நந்தன் கேட்கிறான், ஆண்டை திட்டுகிறார். மறுபடி கேட்கிறான், மறுபடி திட்டு. பறையனுக்குச் சிதம்பரம் எதற்கு என்பது முதல் தடை. சேரிப் பெரியவர்களும் நம்ம சாமி நமக்குப் போதும் என்று தடுக்கிறார்கள். ஆனால் கடைசியில் வேதியர் வைக்கும் நிபந்தனை என்ன? குளித்துவிட்டுப் போ என்றோ, மதில் ஓரம் நின்று கும்பிட்டு வா என்றோ சொல்லவில்லை. நாற்பது வேலி நிலத்து வெள்ளாமையை முடித்துவிட்டுப் போ என்கிறார். சாதியைச் சொல்லி மறுத்தவர் பேரம் என்று வரும்போது வேலையைத்தான் வைக்கிறார். சாதி எதைக் காவல் காக்கிறது என்பதை ஆண்டையே வாய்விட்டுச் சொல்லும் இடம் அது. நந்தன் தில்லையைப் பார்ப்பது அவருக்கு இரண்டாவது கவலை. நந்தன் வயலில் இல்லாமல் போவதுதான் முதல் கவலை.

இந்த அளவுக்குப் பாரதியாரைப் பாராட்டலாம். பண்ணைக் கொடுமையைச் சங்கீத மேடைக்கே கொண்டு வந்தார் என்று இடதுசாரி விமர்சகர்கள் சொன்னதும் இதைத்தான்.

4. நாற்பது வேலி

அடுத்து நடப்பதை யாரும் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்கு மேல். நாற்பது வேலி 260 ஏக்கரைத் தாண்டும். உழவு, நாற்று, நடவு, களை, அறுப்பு, கட்டுச் சுமப்பு, போரடி என்று நூற்றுக்கணக்கான சனங்க மாசக் கணக்கில் செய்கிற வேலை. கதையில் அது ஒரே ராத்திரியில் சிவன் அருளால் முடிந்துவிடுகிறது. விடிந்ததும் ஆண்டை பார்க்கிறார், அதிசயிக்கிறார், நந்தன் காலில் விழுகிறார். சபையோர் கண்ணீர் விடுகிறார்கள்.

இந்த அற்புதத்தில் எனக்கு மூன்று கேள்விகள்.

ஒன்று, ஆண்டையின் விதி என்ன ஆயிற்று? வேலையை முடி, பிறகு போ என்பது விதி. கடவுள் நினைத்திருந்தால் அந்த விதியை உடைத்திருக்கலாம். அவர் உடைக்கவில்லை. விதியை ஏற்றுக்கொண்டு வேலையை முடித்துக் கொடுக்கிறார். நந்தனுக்குக் கிடைத்தது உரிமை இல்லை. வேலை பாக்கி தீர்ந்த ரசீது. வேலை மிச்சமிருக்கிறவன் கேட்கக் கூடாது என்ற ஆண்டையின் நியாயத்துக்குச் சிவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வேதியர் காலில் விழுந்தாரே ஒழிய, மற்ற பண்ணையாட்களுக்கும் ஒரு நாள் லீவு என்று சொன்னதாகக் கதையில் இல்லை. நாற்பது வேலி நெல்லை மட்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு, அந்த நாற்பது வேலியில் வழக்கமாக வேலை செய்கிறவர்கள் எங்கே போனார்கள்? நடவுப் பெண்கள், அறுப்பு ஆட்கள், மாடு மேய்க்கும் பையன்கள் எல்லோரும் அந்த ராத்திரியில் காணாமல் போகிறார்கள். பக்தன் ஒருத்தனும் கடவுளும் மட்டும் மிச்சம். பல பேர் சேர்ந்து 'இன்னிக்கு இறங்க மாட்டோம்' என்று சொல்லக்கூடிய வயலிலிருந்து அந்தப் பல பேரையும் அற்புதம் துடைத்துவிடுகிறது. 1940களில் கீழத்தஞ்சையில் செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் அந்த வயல்களில்தான் கூட்டமாக நின்றார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றது அதனால். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதனால். பிறகு கூலி உயர்வும் சங்கமும் கேட்ட குற்றத்துக்கு 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதும் அதே மண்ணில்தான். ஒரு ராத்திரியில் நாற்பது வேலி விளைந்த கதையைக் கேட்டு உருகிய மண் அது.

மூன்று, லீவு எதற்காகக் கேட்கப்படுகிறது? சாமி பார்க்க. வேறு காரணம் அந்தப் பிரதியில் சாத்தியமே இல்லை. ஆண்டே, உடம்பு வலிக்குது, நாளைக்கு வரமாட்டேன் என்று நந்தன் கேட்டிருந்தால் அது கீர்த்தனை ஆகியிருக்காது. பொண்டாட்டியோடு சந்தைக்குப் போய் வரேன், புளியமரத்தடியில் படுத்துக் கிடக்கப் போறேன் என்று கேட்டிருந்தால் குட்டையில் மாட்டியிருப்பார்கள். நம்முடைய ஓய்வுக்கு ஒரு புனிதக் காரணம் வேண்டியிருக்கிறது. சாமி, சாவு, காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று. காரணமே இல்லாமல் ஓய்வெடுக்கிற உரிமை ஆண்டைக்கு இருந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஊஞ்சலில் படுத்தவரைப் பார்த்து ஏன் படுத்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

லீவில் போன நந்தன் திரும்பவும் இல்லை. தீயில் இறங்கிப் பூணூலோடு முனிவராய் எழுந்து சோதியில் கலந்தார் என்று முடிக்கிறார்கள். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த படத்திலும் 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படத்திலும் இந்த முடிவைச் சனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். போய்விட்டுத் திரும்பி வந்து, அதே சேரியில், அதே வயலில், கொஞ்சம் நிமிர்ந்த முதுகோடு நிற்கிற ஒரு நந்தனைக் கற்பனை செய்ய அந்தக் கதைக்கு முடியவில்லை.

5. அம்பேத்கர் சொன்ன ஓய்வு

பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாசர், சோக்காமேளர் என்ற மூவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். இந்த மூன்றாவது பெயரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்து மகர் சமூகத்தில் பிறந்த சோக்காமேளர் மங்கள்வேடாவில் மதில் கட்டும் வெட்டி வேலைக்குப் போன இடத்தில் சுவர் இடிந்து செத்தார் என்பது மரபுச் செய்தி. பண்டரிபுரத்துச் சாமியைப் பாடிய வாய் வெட்டி வேலையில் மண்ணுக்குள் போனது. நந்தனுக்கு நெருப்பு, அவருக்குச் சுவர்.

மூவரையும் வணங்கிய அம்பேத்கர் அவர்களுடைய வழியில் நிற்கவில்லை. 1945இல் எழுதிய 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன' என்ற நூலில் காந்தியத்தை விமர்சிக்கும் பகுதியில் ஓய்வைப் பற்றி அவர் பேசுகிறார். நம் ஆட்களே அதிகம் எடுத்துப் பேசாத பகுதி அது. அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். வயிற்றுக்காக மட்டும் பாடுபடுவது மிருகத்துக்கும் மனிதனுக்கும் பொது. அறிவை வளர்த்துக்கொள்வது, பண்பாட்டோடு வாழ்வதுதான் மனிதனுக்கு உரியது. அதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வு வேண்டுமென்றால் பாட்டைக் குறைக்க இயந்திரம் வேண்டும். இயந்திரம் வேண்டாம், கைராட்டைக்கும் மாட்டு ஏருக்கும் திரும்பு என்று சொல்கிறவர்கள் பெரும்பான்மை மக்களை ஓயாத பாட்டுக்குத் தள்ளுகிறார்கள். கொஞ்சம் பேர் மட்டும் ஓய்வோடு வாழ்ந்தால் போதும் என்று நினைக்கிற சமூகத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஜனநாயகத்துக்கு அது சரிப்படாது.

இதைச் சொன்னவர் வெறுமனே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான திருத்தம் 1945இல் சட்டமானது. நிரந்தர ஆலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரம் 1946 திருத்தத்தில் 48 மணியானது. இரண்டு மசோதாவையும் சபையில் முன்வைத்துப் பேசியவர் அவர். சம்பளத்தோடு விடுமுறை என்ற சொல்லை நந்தன் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையை முடித்துவிட்டுப் போ என்ற விதி அங்கேதான் உடைகிறது. கடவுள் செய்யாததை ஒரு சட்டப் பிரிவு செய்கிறது.

ஆனால் அது ஆலைக்குள். வயலுக்கு? 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாயத்தையும் தன் அட்டவணையில் சேர்த்தது. ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு நாள், அதற்கும் கூலி என்று விதிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. எங்க பக்கத்து வயல்களில் வாரத்துக்கு ஒரு நாள் கூலியோடு ஓய்வு வாங்கியதாக ஒரு ஆளையும் நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்தது என்று எங்க அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். 'ஏன்டா, சட்டத்துல எங்களை ஆளுன்னு எழுதியிருந்தாங்களா?' என்று கேட்டார்.

அம்மா நடவுக்குப் போன காலத்தில் ஓய்வுக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி வெற்றிலை. இடுப்பு நிமிர்த்தி இரண்டு நிமிஷம் நின்றால் வரப்பில் நிற்கிறவர் 'வானத்துல என்ன எழுதியிருக்கு, நிமிந்து நிமிந்து பாக்குறீங்க?' என்பார். ஆனால் வெற்றிலை போட நின்றால் கேட்க மாட்டார்கள். அது ஊர் ஒப்புக்கொண்ட நிறுத்தம். வெற்றிலை போடாத பெண்களும் மடியில் சுருக்குப் பையை வைத்துக்கொள்வார்களாம். பையைத் திறந்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தேடி, அவளிடம் பாக்கு வாங்கி, இவளிடம் புகையிலை வாங்கி என்று நேரத்தை இழுத்துக்கொள்வார்களாம். 'அந்தப் பை இல்லன்னா எங்களுக்கு இடுப்பே இருந்திருக்காதுடா' என்பார் அம்மா. நாற்பது வேலியை ஒரு ராத்திரியில் விளைய வைத்த அற்புதத்தைவிட இந்தச் சுருக்குப் பை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இதை யார் இலக்கியமாக்கினார்கள்?

6. நமக்குள்ளே

நம் எழுத்தாளர்கள்தான் ஆக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. வயலில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் பாடுபடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் ஆண்கள் குளித்துவிட்டுச் சாவடிப் பக்கம் போகிறார்கள், சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பெண்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த வேலை ஆரம்பம். தண்ணி, விறகு, அடுப்பு, பிள்ளை, பிறகு ராத்திரியில் புருஷன். ஆண்டையிடம் லீவு கேட்டு அழுத நந்தனுக்கு ஒரு மனைவி இருந்திருந்தால் அவள் யாரிடம் கேட்டிருப்பாள் என்ற கேள்வியைச் 'சங்கதி' நம் முன்னால் வைக்கிறது. நந்தனைப் பாடியவர்களில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

அதே 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' இன்னும் சங்கடமான இடத்தில் கை வைத்தது. ஆரோக்கியம் சேரிக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. சேரியில் பிறப்பு, சடங்கு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவள் வர வேண்டும். துணி வெளுக்க வேண்டும், களத்தில் நிற்க வேண்டும், பொழுது போனதும் வீடு வீடாக ராச்சோறு எடுக்க வேண்டும். ஊரின் ஆண்டைக்குப் பண்ணையாள் எப்படியோ, அப்படிச் சேரி முழுவதுக்கும் அவள் ஒருத்தி ஆள். யார் வீட்டில் எப்போது என்ன நடக்கும் என்று தெரியாது. அதனால் அவளுக்கு எந்தப் பொழுதும் தன் பொழுது இல்லை. அந்த நாவல் வந்தபோது தலித்துக்கு எதிராகவே தலித்தை நிறுத்துகிறது என்று கடுமையாக விமர்சித்தார்கள். ஓய்வு என்ற கேள்வியோடு திரும்ப வாசித்தால் அந்த நாவலின் நியாயம் வேறு மாதிரித் தெரியும். மேலே இருக்கிறவனிடம் ஒரு நாள் கேட்கிற நாம், நமக்குக் கீழே இருக்கிறவளுக்கு ஒரு நாள் கொடுத்தோமா என்று ஆரோக்கியம் கேட்காமல் கேட்கிறாள்.

இயக்கத்துக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைக்கிற தூய்மைத் தொழிலாளியை ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம். வராதவரை உணர்வு இல்லாதவர் என்கிறோம். ஊர் லீவு எடுக்கிற தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறுநாள்தான் அவருக்குக் குப்பை மலையாகக் குவிகிறது என்பது நமக்கும் தெரியும். அவர் தூங்கினால் அதுவும் அரசியல்தான் என்று ஒத்துக்கொள்ளும் இயக்கம் வேண்டும்.

7. திரும்பி வருகிற நந்தன்

நந்தன் கதையை நம் முன்னோர் அப்படியே விழுங்கிக்கொள்ளவில்லை. அயோத்திதாசர் நந்தனை ஆண்ட அரசனாக எழுதினார். அரசன் யாரிடம் லீவு கேட்பான்? கேட்கும் நிலையையே அவர் கதையிலிருந்து நீக்கிவிட்டார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் அந்தப் பெயருக்குக் கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வயலிலிருந்து ஒரு உடம்பு விடுபட்டு, பகல் பொழுதில், நிழலில், புத்தகத்தோடு உட்காருகிறது. நந்தன் கேட்ட லீவு முதன்முதலாகக் கிடைத்த இடம் என்று நான் அந்தப் பள்ளியைத்தான் சொல்வேன்.

கிடைத்தது அப்படியே நிலைத்துவிடாது. சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் மே தினம் கொண்டாடி நூறு ஆண்டு ஆகப்போகிற நேரத்தில், 2023 ஏப்ரல் 21 அன்று இதே சென்னையில் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்து நின்றதால் முதலில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தில் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும் என்று அதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தைக் கேட்டபோது எனக்கு வேதியர் ஞாபகம்தான் வந்தது. முடித்துவிட்டுப் போ.

எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடம் வலியைப் பற்றிய எழுத்து இருக்கிறது, உழைப்பைப் பற்றிய எழுத்து இருக்கிறது. அம்மாக்களின் சுருக்குப் பையைப் பற்றி, களத்து மேட்டில் வைக்கோலுக்குள் திருட்டுத்தனமாகத் தூங்கிய தூக்கத்தைப் பற்றி, ஆண்டை வீட்டுச் சாவு அன்றைக்குக் கிடைத்த அரைப் பொழுதைப் பற்றி எழுத்து இல்லை. வீட்டில் இருக்கிற கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க முடியாது.

நந்தன் கதையையும் யாராவது திரும்ப எழுத வேண்டும். அதில் அற்புதம் வேண்டாம். நாற்பது வேலியும் விளைந்தபடி அறுக்காமல் கிடக்கட்டும். நந்தன் பொண்டாட்டி பிள்ளையோடு, சேரிச் சனங்களோடு, வண்ணாத்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பட்டும். தில்லைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கொள்ளிடக் கரையில் ஒரு பகல் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு வரட்டும். மறுநாள் வந்து, போன நாளுக்கும் சேர்த்துக் கூலியை எண்ணி வாங்கட்டும்.